ஒரே கப்பல், இரு வாசல்கள்

கோடைகால மாலைகளில் ஹம்பேர்க் நகரின் எல்பே நதிக்கரையில் மக்கள் கூடிநின்று கப்பல் பார்ப்பது வழக்கம். பதினைந்து மாடிக் கட்டடமொன்று தன் அத்திவாரத்தை விட்டு நகர்வது போல, வெண்ணிற உல்லாசக் கப்பலொன்று நதியின் நடுவே மெல்லச் செல்லும். மேற்தளத்திலிருந்து இசை கேட்கும். கம்பி வேலியில் சாய்ந்து நிற்போர் கையசைப்பர். கரையில் நிற்போரும் பதிலுக்குக் கையசைப்பர். ஒருவரையொருவர் அறியாதவர்களிடையே நிகழும் இவ்விடைபெறுதலில் துயரம் எதுவுமில்லை. சென்றவர்கள் இரு வாரங்களில் திரும்பிவிடுவார்கள் என்பது இரு தரப்பாருக்கும் தெரியும்.

அதே நகரில், துறைமுகத்தின் தென்புறமாக வெடல் என்னும் தீவுப் பகுதியில் செங்கற் கட்டடங்கள் மூன்று உள்ளன. 1901ஆம் ஆண்டில் அவ்விடத்தில் அமைந்த 'குடிபெயர்வோர் மண்டபங்களின்' மறுநிர்மாணங்கள் அவை. 2007 முதல் அருங்காட்சியகமாக இயங்கிவருகின்றன. அங்கிருந்து கப்பலேறியோருக்கும் கையசைக்கப்பட்டது. ஆனால் அவர்களுட் பெரும்பாலானோர் திரும்பி வரவேயில்லை.

இவ்விரு காட்சிகளும் வெவ்வேறு வரலாறுகளைச் சேர்ந்தவை என்றே பலரும் எண்ணுவர். கடற்பயணத்தின் கதையைச் சற்று நிதானமாகப் படிப்போருக்கு இரண்டும் ஒரே வரலாறு என்பது புலனாகும். ஒரே கொம்பனி, ஒரே கப்பல், பல வேளைகளில் ஒரே மனிதர் இவ்விரு பயணங்களுக்கும் பின்னால் நிற்பதைக் காணலாம். கடல் கடந்தும் நாடு கடந்தும் வந்து வாழும் எமக்கு அவ்வரலாறு வெறும் பொது அறிவாக மட்டும் அமைவதில்லை.

சரக்கோடு சரக்காக

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பயணிகளுக்கென்று கப்பல்கள் ஓடியதில்லை. சரக்கு நிரம்பியதும், காற்று வாய்த்ததும் கப்பல் புறப்படும். பயணி துறைமுக விடுதியில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். இந்நிலையை மாற்றியது 'பிளாக் போல்' என்னும் அமெரிக்கக் கப்பற் சேவை. 1818 ஜனவரி 5ஆம் திகதி அதன் 'ஜேம்ஸ் மொன்றோ' என்னும் பாய்க்கப்பல், பனிப்புயலையும் பொருட்படுத்தாது, முன்னரே அறிவித்த நாளில் நியூயோர்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. கப்பல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நாளில் புறப்படும் என்ற வாக்குறுதியே பயணிகள் கப்பற்றுறையின் தொடக்கம் எனலாம்.

எனினும் அவ்வசதி பணம் படைத்தோருக்கே உரியதாயிருந்தது. ஏழைகள் பயணித்த விதம் வேறு. கனடாவிலிருந்து பிரித்தானியாவுக்கு மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பிப் போகையில் வெறுமையாகச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வெற்றிடத்தில் பலகைகளை அடித்துப் படுக்கைகளாக்கி மனிதரை ஏற்றினர். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் பரவிய 1840களின் பிற்பகுதியில், இலட்சக்கணக்கானோர் இவ்வாறு கடல் கடந்தனர். 1847ஆம் ஆண்டில் மட்டும் கியூபெக் அருகேயுள்ள குறோஸ் தீவின் நோய்த்தடுப்பு நிலையத்தில் 5,000 இற்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். காய்ச்சலும் பசியும் அவர்களைக் கொன்றன. அக்கப்பல்களுக்கு மக்கள் சூட்டிய பெயர் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்பதாகும்.

நீராவியின் வருகை

1838 ஏப்ரலில் 'சிரியஸ்', 'கிரேற் வெஸ்ரேண்' என்னும் இரு நீராவிக் கப்பல்கள் சில மணி நேர இடைவெளியில் நியூயோர்க்கை அடைந்தன. பொறியியலாளர் புறுணெல் வடிவமைத்த இரண்டாவது கப்பல் 15 நாட்களில் அத்திலாந்திக்கைக் கடந்திருந்தது. எதிர்க்காற்றில் ஐந்தாறு வாரங்களை விழுங்கிய பயணம் அது. 1840 யூலை 4ஆம் திகதி சாமுவெல் கியூனாட்டின் 'பிரிற்றானியா' லிவர்பூலிலிருந்து புறப்பட்டதோடு ஒழுங்கான நீராவிச் சேவை தொடங்கியது. அக்கப்பல் ஏற்றிய பயணிகள் 115 பேர் மட்டுமே. கொம்பனியைத் தாங்கியது பயணக்கட்டணம் அன்று. கடிதப் பைகளை ஏற்றிச் செல்வதற்குப் பிரித்தானிய அரசு வழங்கிய கொடையே.

1842 ஜனவரியில் அதே கப்பலில் எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா சென்றார். தமக்கு ஒதுக்கப்பட்ட அறையின் சிறுமையையும் கடல் நோயையும் எள்ளலோடு எழுதிவைத்துள்ளார். திரும்பும்போது அவர் பாய்க்கப்பலையே தெரிவுசெய்தார். அக்கப்பலின் கீழ்த்தட்டில் ஏறத்தாழ நூறு பேர் இருந்தனர். அமெரிக்காவில் வாழ்வு தேடிச்சென்று, தோற்று, உடுப்பையும் விற்று ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஏழைகள் அவர்கள். குடிபெயர்வு பற்றிய பேச்சுக்களில் பெரிதும் மறக்கப்படும் இவர்களை ஒரு நாவலாசிரியரின் கண் தவறவிடவில்லை.

உல்லாசப் பயணத்தின் முதல் விதையும் இக்காலத்திலேயே ஊன்றப்பட்டது. 1844இல் பிரித்தானியாவின் 'பீ அன்ட் ஓ' கொம்பனி தனது தபாற் கப்பல்களில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க வருமாறு அழைப்பு விடுத்தது. எழுத்தாளர் தாக்கரேக்கு இலவசப் பயணச்சீட்டு வழங்கப்பட்டது. ஏதென்ஸ், கொன்ஸ்தாந்திநோபிள், ஜெருசலேம், கெய்ரோ எனச் சுற்றிவந்த அவர் 1846இல் அதனை ஒரு நூலாக எழுதினார். பயண நூல் விளம்பரமாகவும் பயன்படும் என்பதைக் கப்பற் கொம்பனிகள் அன்றே அறிந்திருந்தன.

கீழ்த்தட்டின் பணம்

இவ்விரு போக்குகளையும் இணைத்தவர் அல்பேர்ட் பலின் என்னும் ஹம்பேர்க் யூதர். 1857இல் பிறந்த இவரது தந்தையார் குடிபெயர்வோருக்குப் பயணச்சீட்டு விற்கும் சிறு முகவர் நிலையமொன்றை நடத்தியவர். இன்றைய எமது மொழியிற் சொல்வதானால், ஓர் 'ஏஜென்சி'. தந்தையார் இறந்தபோது பதினேழு வயதில் மகன் அதனைப் பொறுப்பேற்றார். 1880களின் தொடக்கத்தில் கார் என்னும் கப்பல் முதலாளியோடு சேர்ந்து, அறைப் பயணிகளே இல்லாத கப்பல்களைப் பலின் ஓட்டுவித்தார். மேல்வகுப்பார் இல்லாமையால் தளம் முழுவதும் ஏழைகளின் நடமாட்டத்துக்குத் திறந்திருந்தது. கட்டணமும் குறைவு. இப்போட்டியைத் தாங்க இயலாத 'ஹப்பாக்' என்னும் பெருங்கொம்பனி 1886இல் பலினையே தன் பயணிகள் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கிக்கொண்டது. 1899இல் அவர் அதன் தலைமை இயக்குநரானார். முதலாம் உலகப் போருக்கு முன்பு அது உலகின் மிகப் பெரிய கப்பற் கொம்பனியாய் விளங்கிற்று.

பலின் கண்ட கணக்கு எளிமையானது. முதல் வகுப்பார் புகழைத் தருவர். கீழ்த்தட்டார் இலாபத்தைத் தருவர். முதல் வகுப்புப் பயணிக்குப் பளிங்கு மண்டபமும் பணியாளர் கூட்டமும் வேண்டும். கீழ்த்தட்டுப் பயணிக்கு ஒரு படுக்கையும் ஒரு கிண்ணம் கஞ்சியும் போதும். 1913இல் பலின் கடலில் விட்ட 'இம்பெராற்றோர்' 52,000 தொன் கொண்டது. உரோமானிய பாணி நீச்சற் குளத்தோடு அமைந்த அக்கப்பலின் முதல் வகுப்பில் ஏறத்தாழ 900 பேர் செல்லலாம். மூன்றாம் வகுப்பிலும் கீழ்த்தட்டிலுமாக 2,500 இற்கும் மேற்பட்டோருக்கு இடமிருந்தது. அக்குளத்தின் நீரும், ரசியப் பேரரசின் கிராமங்களிலிருந்து வந்த யூதரதும் போலந்துக்காரரதும் சேமிப்பிலேதான் நிரம்பியது என்று சொன்னால் மிகையாகாது.

எமது கடல்களிலும் இதே ஒழுங்கே நிலவியது. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜூலா'வை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். அறைப் பயணிகள் சிலரும், பாயும் பெட்டியுமாகத் தளத்திற் படுத்துச் சென்றோர் ஆயிரக்கணக்கிலுமாக அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது.

ஹம்பேர்க்கில் 1892இல் வாந்திபேதி பரவி 8,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழி கிழக்கிலிருந்து வந்த குடிபெயர்வோர் மீது விழுந்தது. 1891ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஏற்கெனவே ஒரு விதியை ஏற்படுத்தியிருந்தது: தகுதியற்றவர் என மறுக்கப்படுபவரை ஏற்றிவந்த கொம்பனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டும். அதன் விளைவாக, நாட்டின் எல்லைக் காவலன் செய்யவேண்டிய பணியைக் கப்பற் கொம்பனி செய்யத் தொடங்கியது. புரூசியாவின் கிழக்கெல்லையில் ஜேர்மன் கொம்பனிகளே சோதனை நிலையங்களை நடத்தின. வெடல் தீவின் மண்டபங்கள் இச்சூழலில் எழுந்தவையே. அங்கு வருவோர் குளிப்பாட்டப்பட்டனர். உடுப்புகள் கிருமி நீக்கப்பட்டன. மருத்துவர் கண்ணையும் தோலையும் பார்த்தார். யூதர்களுக்கெனத் தனிச் சமையலறையும் வழிபாட்டிடமும் இருந்தன. பலினின் மனிதாபிமானமும் வணிகக் கணக்கும் அவ்விடத்தில் கைகோத்து நின்றன.

அங்கே மற்றொரு பணியும் நடந்தது. கப்பலேறும் ஒவ்வொருவரினதும் பெயர், வயது, தொழில், கடைசியாக வாழ்ந்த ஊர், சேருமிடம் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட்டன. இவ்வழக்கம் ஹம்பேர்க்கில் 1850இலிருந்தே இருந்துவந்தது. 1934 வரையான அப்பயணிகள் பட்டியல்கள் நகரின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன.

மாரிகாலத்தில் பிறந்த உல்லாசம்

மாரிகாலத்தில் வட அத்திலாந்திக்கைக் கடப்போர் குறைவு. பெருஞ்செலவில் கட்டிய விரைவுக் கப்பல்கள் அம்மாதங்களில் வெறுமையாய் ஓடின. அவற்றுள் ஒன்றான 'அவுகுஸ்தா விக்ரோரியா'வை 1891 ஜனவரி 22ஆம் திகதி பலின் குக்ஸ்ஹாவன் துறைமுகத்திலிருந்து தெற்கு நோக்கிச் செலுத்தினார். 241 பயணிகள் மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைச் சுற்றிப் பார்த்து ஏறத்தாழ இரு மாதங்களின்பின் திரும்பினர். பலினும் மனைவியும் அவர்களோடு சென்றனர். தற்கால உல்லாசக் கப்பற் பயணத்தின் தொடக்கமாகப் பலர் இதனையே குறிப்பிடுவர். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலான 'பிறின்செசின் விக்ரோரியா லூயிசே'யும் ஹப்பாக்கினுடையதே. 1900இல் ஹம்பேர்க்கில் நீரில் இறக்கப்பட்ட அது 1906 டிசம்பரில் ஜமெய்க்காக் கரையில் தரைதட்டி அழிந்தது.

ஒரே கப்பலின் இரு உலகங்களையும் பிரித்த கதவுகள் 1912 ஏப்ரலில் உலகின் கண்ணுக்குத் தெரிந்தன. 'ரைற்றானிக்'கின் மூன்றாம் வகுப்பை ஏனைய பகுதிகளிலிருந்து பிரிக்கும் கதவுகள் அமெரிக்கக் குடிவரவு விதிகளின்படி அமைந்தவை. கப்பலிலிருந்த ஏறத்தாழ 2,200 பேருக்கு 1,178 பேருக்கான உயிர்காப்புப் படகுகளே இருந்தன. முதல் வகுப்பாரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பாரில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவிலேயே உயிர் தப்பினர். கரை சேர்ந்தாலும் வேறுபாடு தொடர்ந்தது. நியூயோர்க்கில் முதலிரு வகுப்பாரைக் கப்பலிலேயே சோதித்து இறக்கிவிட்டு, கீழ்த்தட்டாரை மட்டும் எலிஸ் தீவுக்குக் கொண்டுசென்றனர்.

கதவுகள் மூடப்பட்டபோது

1907ஆம் ஆண்டில் 12 இலட்சத்து 85 ஆயிரம் பேரை ஏற்ற அமெரிக்கா, 1921ஆம், 1924ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தொகையை வரையறுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 65 ஆயிரம் பேர் என வாசல் சுருங்கியது. கீழ்த்தட்டு வெறுமையாயிற்று. கொம்பனிகள் அதனை வெள்ளையடித்து, சிறு அறைகளாகத் தடுத்து, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' எனப் புதுப் பெயரிட்டு, ஐரோப்பாவைக் காண விரும்பிய அமெரிக்க ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விற்றன. மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவிலிருந்து குடிப்பதற்காகவே கடலுக்குச் சென்று திரும்பும் குறும்பயணங்களும் தோன்றின. மதுவிற்கும் உரிமைக்காக 1922இல் இரு அமெரிக்கப் பயணிகள் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாற்றப்பட்டன. மக்கள் திரளின் உல்லாசப் பயணம், குடிபெயர்வோருக்குக் கதவடைத்த சட்டங்களின் பக்க விளைவாகவே வளர்ந்தது என்பதை வரலாற்று நூல்கள் உரத்துச் சொல்வதில்லை.

பலின் இவற்றைக் காணவில்லை. தன் கொம்பனியும் பேரரசும் தோல்வியிற் சரிந்த 1918 நவம்பர் 9ஆம் திகதி, நித்திரை மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டு அவர் இறந்தார். அவரது பெயரில் 1923இல் ஒரு கப்பல் ஓடத் தொடங்கியது. 1935இல் நாசி ஆட்சி அப்பெயரை அழித்து 'ஹன்சா' என மாற்றியது. ஜேர்மன் கப்பலொன்று யூதரின் பெயரைத் தாங்கக் கூடாதாம்.

நான்கு ஆண்டுகளின்பின், 1939 மே 13ஆம் திகதி, அதே ஹப்பாக் கொம்பனியின் 'சென் லூயிஸ்' 937 பயணிகளோடு ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்டது. அத்திலாந்திக் சேவைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் ஒருங்கே கட்டப்பட்ட கப்பல் அது. பயணிகளுட் பெரும்பாலானோர் ஜேர்மனியிலிருந்து தப்பியோடிய யூதர். கப்டன் குஸ்தாவ் ஷ்ரோடர் அவர்களை ஏனைய பயணிகளைப் போலவே மதிக்குமாறு பணியாளருக்குக் கட்டளையிட்டார். நடனமும் நல்லுணவும் நீச்சற் குளமும் இருந்தன. ஆனால் அவர்கள் கைவசமிருந்த கியூபா இறங்கு அனுமதிகளைக் கியூப அரசு கப்பல் புறப்படுமுன்னரே செல்லுபடியற்றவையாக்கியிருந்தது. ஹவானாவில் 28 பேருக்கே இறங்க அனுமதி கிடைத்தது. தற்கொலைக்கு முயன்ற ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 700 இற்கும் மேற்பட்டோர் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்து முறைக்காகக் காத்திருந்தவர்கள். கப்பல் புளோரிடாக் கரையின் விளக்குகள் தெரியுமளவு நெருங்கியது. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரிசை அவர்களுக்காக வளையவில்லை. கனடாவும் ஏற்கவில்லை.

யூன் 17ஆம் திகதி சென் லூயிஸ் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தை அடைந்தது. பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் அவர்களைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டு ஜேர்மன் படை மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஐரோப்பியப் பெருநிலத்துக்குத் திரும்பிய 620 பேரில் 254 பேர் கொல்லப்பட்டனர். ஷ்ரோடருக்கு 1993இல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிலையம் மறைவுக்குப் பிந்திய கௌரவம் அளித்தது. கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2018 நவம்பரில். எழுபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஹம்பேர்க்கின் கப்பற்கட்டுத் தளம் இன்னுமொரு கப்பலையும் அக்காலத்திற் பெற்றெடுத்தது. தொழிலாளருக்கு மலிவு விலையில் உல்லாசப் பயணம் வழங்குவதாகச் சொல்லி நாசிகள் 1937இல் நீரில் இறக்கிய 'வில்ஹெல்ம் குஸ்லொவ்' அது. வகுப்பு வேறுபாடற்ற கப்பல் என அது பறைசாற்றப்பட்டது. 1945 ஜனவரி 30ஆம் திகதி, சோவியத் படையின் முன்னேற்றத்துக்கு அஞ்சியோடிய பெண்களும் குழந்தைகளுமாகப் பத்தாயிரம் பேரளவில் ஏறிய நிலையில், அது பால்ரிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டுகளுக்கு இலக்கானது. ஒன்பதாயிரம் பேர்வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உல்லாசத்துக்கெனப் பிறந்த கப்பல் அகதிகளின் கல்லறையாய் முடிந்தது.

விமானமும் மியாமியும்

1958 ஒக்ரோபரில் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கின் மேல் ஒழுங்கான சேவையை ஆரம்பித்தன. ஐந்து நாட் பயணம் எட்டு மணி நேரமாயிற்று. 1967இல் 'குயீன் மேரி' ஓய்வுபெற்றுக் கலிபோர்னியாவில் ஹொட்டலாகியது. 1962இல் சேவைக்கு வந்த 'பிரான்ஸ்' அக்காலத்தின் மிக நீளமான பயணிகள் கப்பல். பிரெஞ்சு அரசின் கொடையில் ஓடிய அது 1974இல் நிறுத்தப்பட்டது. அதனை வாங்கிய நோர்வேக்காரர் 1980இல் 'நோர்வே' எனப் பெயர்மாற்றி, விரைவைக் குறைத்து, கரிபியன் கடலில் உலாவவிட்டனர். 2006இல் குஜராத்தின் அலங் கடற்கரையில் அது உடைப்பதற்காக ஏற்றப்பட்டது.

கப்பற் கொம்பனிகளின் பார்வை இக்காலத்தில் மியாமிக்குத் திரும்பியது. 1966இல் 'சன்வாட்', 1970இல் 'சோங் ஒவ் நோர்வே' என்பன அங்கிருந்து ஓடத் தொடங்கின. 1972இல் கார்னிவல் கொம்பனியின் முதற் கப்பலான 'மார்டி கிரா' தன் கன்னிப் பயணத்திலேயே மியாமி வாசலில் மணற்றிட்டில் ஏறிக்கொண்டது. அதன் முன்னைய பெயர் 'எம்பிரஸ் ஒவ் கனடா'. லிவர்பூலிலிருந்து கனடாவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல் அது. கப்பல் போய்ச்சேர வேண்டிய இடம் என ஒன்று இருந்த காலம் முடிந்து, கப்பலே பயணியின் சேருமிடமாய் மாறியது.

2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐக்கன் ஒவ் த சீஸ்' 2 இலட்சத்து 48 ஆயிரம் தொன் அளவுடையது. ரைற்றானிக்கைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். நிரம்பினால் 7,600 பயணிகளும், 2,350 பணியாளரும் அதிலிருப்பர். உலகில் 2023ஆம் ஆண்டில் 3 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உல்லாசக் கப்பல்களிற் பயணித்தனர். மூன்றாம் வகுப்பு ஒழிந்துவிட்டது என்பர். ஆனால் கீழ்த்தட்டு ஒழியவில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளின் இளைஞர்கள் மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் அங்கு உறங்குகிறார்கள். கப்பலின் கொடி பெரும்பாலும் பனாமாவினதோ பஹாமாசினதோ ஆகும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பயணிகள் வீடு திரும்பிய பின்னரும் பல்லாயிரம் பணியாளர்கள் மாதக்கணக்கில் கப்பல்களிலேயே முடங்கிக் கிடந்தனர்.

எம்மவரும் கப்பலும்

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே, இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் மீட்டனர். மேற்கு ஜேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலொன்று அவர்களைக் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டிருந்தது. திருப்பியனுப்பப்படும் அச்சத்தால், தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை முதலில் அவர்கள் மறைத்தனர். கனடா அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. நூறாண்டுகளாக இலட்சக்கணக்கானோர் பயணச்சீட்டோடு போன அதே கடல்வழியில், ஒரு பட்டியலிலும் பெயரில்லாமல் எம்மவர் போக வேண்டியதாயிற்று.

1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய தமிழரைப் பிரித்தானிய அரசு திருப்பியனுப்ப முற்பட்டபோது, அவர்கள் விமானத்தருகே ஆடைகளைக் களைந்து எதிர்த்தனர். அடுத்த மாதமே ஏற்றிவருவோர் பொறுப்புச் சட்டம் முன்வைக்கப்பட்டது. உரிய ஆவணமற்ற ஒவ்வொருவருக்கும் அவரைக் கொண்டுவந்த கொம்பனி 1,000 பவுண் தண்டம் கட்ட வேண்டும் என அச்சட்டம் விதித்தது. 1891இல் நீராவிக் கப்பல்களுக்கு விதித்த பொறுப்பே விமானங்களுக்குமாக விரிந்தது. இன்று விமானச்சீட்டுப் பரிசோதகர் எமது கடவுச்சீட்டை இருமுறை புரட்டிப் பார்ப்பதன் தொடக்கம் எலிஸ் தீவில் இருக்கிறது.

அதே ஆண்டில் 'ஏர்ள் வில்லியம்' என்னும் பயணிகள் கப்பலொன்று இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்திற் கட்டிவைக்கப்பட்டது. முன்னர் சனல் தீவுகளுக்கு விடுமுறைக்காரரை ஏற்றிச்சென்ற கப்பல் அது. அதில் அகதிக் கோரிக்கையாளர் அடைக்கப்பட்டனர். அவர்களுட் கணிசமானோர் தமிழர். ஒக்ரோபர் 16ஆம் திகதியின் பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து சென்று தரைதட்டியது. அதன்பின்னரே தடுப்பிலிருந்தோர் வெளியே விடப்பட்டனர். அரசாங்கத்தின் மனம் திறக்காத கதவைக் காற்றுத் திறந்துவிட்டது என்று அப்போது அகதிகளிடையே யாரேனும் சொல்லியிருந்தால் வியப்பதற்கில்லை.

மறுக்கப்பட்ட துறைமுகங்கள்

துறைமுகம் மறுக்கப்படுவதன் பொருளை உல்லாசப் பயணிகளும் ஒருமுறை அறிந்துகொண்டனர். 2020 பெப்ரவரியில் 1,400 இற்கும் மேற்பட்ட பயணிகளோடு சென்ற 'வெஸ்ரர்டாம்' என்னும் கப்பலை, தொற்று அச்சத்தால் ஜப்பான், தாய்வான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்தும் ஏற்க மறுத்தன. இறுதியில் கம்போடியா ஏற்றது. இரு வார அலைச்சலை உலகத் தொலைக்காட்சிகள் இரவுபகலாகக் காட்டின. அப்பயணிகளின் கலக்கம் உண்மையானதே. எனினும் அவர்களுக்குத் திரும்புவதற்கு வீடும், குரல்கொடுப்பதற்குத் தூதரகங்களும் இருந்தன.

2022 ஏப்ரலில் அதே கொம்பனியின் 'வொலன்டாம்' என்னும் கப்பல் ரொட்டர்டாம் துறையில் நிறுத்தப்பட்டு, உக்ரேன் அகதிகளுக்குத் தங்குமிடமாக்கப்பட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் அவர்கள் உணவருந்தினர். பிள்ளைகள் தளத்தில் விளையாடினர். மனமிருந்தால் ஒரு கப்பலை எவ்வளவு விரைவாக அகதிகளுக்குத் திறந்துவிடலாம் என்பதற்கு அது சான்று. அதே ஐரோப்பாவின் தென்கடலில், 2014இலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ உள்ளதாகச் சர்வதேச குடிபெயர்வு அமைப்பு பதிவுசெய்துள்ளது. அவர்களுட் பெரும்பாலானோரின் பெயர்கள் எவருக்கும் தெரியா.

ஹம்பேர்க்கின் பழைய பட்டியல்களைத் தேடி இன்று அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். தையற்காரர், வயது 22, இன்ன ஊர் என்ற ஒற்றை வரியைக் கண்டு கண்கலங்குகிறார்கள். கொம்பனி தன் கணக்குக்காக எழுதிய வரி, ஒரு குடும்பத்தின் வரலாறாகிவிட்டது.

எமக்கு அவ்வாறு எழுதிவைத்தவர் எவருமில்லை. முகவர்கள் தடயங்களை அழித்தனர். பயணித்தோர் உண்மைப் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது. அக்காலத்தின் அச்சம் நியாயமானது. இன்று அவர்களுட் பலர் குடியுரிமை பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர். எந்த ஆண்டு, எந்தத் துறை, எந்தக் கப்பல், உடன் வந்தோர் எத்தனை பேர், வழியில் இறந்தோர் யார் என்பவற்றை, அவரவர் வீட்டில் ஒரு கொப்பியிலாவது எழுதிவைக்கும் காலம் இது. நினைவுள்ளோர் இருக்கும்போதே அதனைச் செய்ய வேண்டும்.